பசிவேளை

காலை ஏழு மணிக்கு உள்ளூட்டி கேட்டது: “பசிவேளை. தொடங்கவா, தவிர்க்கவா?”

ஜெனிட்டா தொட்டிலைப் பார்த்தாள். மிலானிக்கு மூன்று மாதம். மூச்சுக்கு மூச்சு விலா எலும்புகள் உள்ளே இழுபட்டன. தொப்புளுக்கு மேல் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வெள்ளை வில்லை; அதுதான் உள்ளூட்டி. அதன் வழியாகப் பாற்சாறு சொட்டுச் சொட்டாக வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது.

மிலானியின் இதயச் சுவரில் மூன்று ஓட்டைகள். படுத்திருக்கும்போதும் அந்த இதயம் ஓடியது. பால் உறிஞ்சுவதே அவளுக்குக் கடும் வேலை. குடித்ததைவிட அதில் செலவழிந்தது அதிகம். எடை ஏறாமல் அறுவை செய்ய முடியாது. அறுவை செய்யாமல் எடை ஏறாது. இந்த முடிச்சை உள்ளூட்டி அவிழ்த்தது. துடிப்பை எண்ணி, அதற்கு வேண்டிய ஊட்டத்தை அனுப்பியது. பத்து கிலோ வந்துவிட்டால் மூன்றையும் ஒரே நாளில் அடைத்துவிடலாம்.

தினம் இரண்டு தடவை மட்டும் அது நாற்பது நிமிடம் நிற்க வேண்டும். அதன் பிறகு வாயில் நாலு கரண்டி பால்.

“இத மட்டும் விட்டுராத பிள்ள,” என்றிருந்தாள் செவிலி சுடலைவடிவு, வில்லையைப் பொருத்திய அன்று. “பசி முத்தணும். அப்பதான் வாய்க்குப் புரியும். அழுவா. அழட்டும்.”

“தொடங்கு,” என்றாள் ஜெனிட்டா.

இருபதாவது நிமிடத்தில் மிலானி அழுதாள். நெற்றி வியர்த்தது. மூக்குத் துவாரங்கள் விரிந்தன.

சுவருக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு ரெஜினாவின் குரல் வந்தது. “நெஞ்சுல ஓட்ட உள்ள பிள்ளய இப்படியா அழவிடுவா?”

கணவன் ரெக்ஸன் தலை துவட்டாமல் குளியலறையிலிருந்து ஓடிவந்தான். “ஏட்டி, மெஷினு இருக்கும்போதே பிள்ளயப் பட்டினி போடுத. ஒனக்குக் காப்பி அஞ்சு நிமிசம் பிந்துனா வீடு தாங்குமா?”

“அந்த அக்கா சொன்னாவல்லா…”

“அவுக பிள்ளையா இது?”

“தவிர்,” என்றாள் ஜெனிட்டா. சற்று நேரத்தில் அழுகை நின்றது.

மறுநாளும் தவிர்த்தாள். முப்பதாவது தடவைக்குப் பிறகு உள்ளூட்டி சொன்னது: “உங்கள் விருப்பம் புரிந்தது. இனிக் கேட்கமாட்டோம்.”

ஜெனிட்டா அதற்கு நன்றி சொன்னாள்.

மிலானிக்குக் கன்னம் வந்தது. மணிக்கட்டில் மடிப்பு விழுந்தது. தெரு பார்த்தது. உள்ளூட்டி குறைமாதப் பிள்ளைகளுக்கு வந்தது, பிறகு சாப்பிட அடம்பிடிக்கிற பிள்ளைகளுக்கு, பிறகு யார் கேட்டாலும். ரெஜினாவும் தன் மகளுக்குப் பொருத்தினாள். “சோறும் கையுமா யாரு பின்னாலயே ஓடுறது?” என்றாள். மிலானிக்கு ஒரு வயதானபோது அந்தத் தெருவில் பிள்ளை அழும் சத்தம் இல்லை.

பதினைந்தாம் மாதம் எடை பத்து கிலோவைத் தொட்டது. ஓட்டைகளை அடைத்தார்கள். மருத்துவர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தார். வில்லையை எடுத்து வயிற்றைத் தைத்தார்கள்.

மிலானி அன்று சாப்பிடவில்லை. அழவும் இல்லை. மறுநாளும் அப்படியே. கையில் ஏறிய குளுக்கோஸ் அவளைத் தாங்கியது.

பசிப்பயிற்சிக் கூடம் மருத்துவமனையின் நான்காம் மாடியில் இருந்தது. இருபது கட்டில்கள், இருபது பிள்ளைகள். மின்விசிறி சுற்றுவது கேட்டது. சுடலைவடிவு இப்போது அங்கேதான் வேலை பார்த்தாள்.

“எத்தன தடவ தவிர்த்த?”

“முப்பது.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் அது கேக்கலக்கா.”

சுடலைவடிவு திட்டவில்லை. மிலானியின் தலையைத் தடவினாள். “வயிறு காயும். ஆனா அது பசின்னு இவளுக்குத் தெரியாது. சோந்து படுத்துக்கிடுவா, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைக்குள்ள வாயில வாங்கலன்னா வில்லையத் திரும்ப மாட்டிருவாங்க பிள்ள. பெறவு அத எடுக்கவே முடியுமோ என்னவோ.”

வெள்ளிக்கிழமை வந்தது. ஜெனிட்டா பருப்புச் சோற்றைக் குழையப் பிசைந்தாள். முதன்முதலாகத் தவிர்த்த அந்தக் காலை நினைவுக்கு வந்தது. அன்று நாற்பதில் இன்னும் இருபது நிமிடம்தான் மீதி இருந்தது.

அடுத்த கட்டிலருகே ரெஜினா கரண்டியோடு நின்றிருந்தாள். இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை.

ஜெனிட்டா ஒரு சிறு உருண்டையை மகளின் உதட்டருகே கொண்டுபோனாள்.

“மிலானி, எங்க, அம்மாக்கு ஆ காட்டு.”

மிலானி உருண்டையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். என்ன கேட்கிறாள் என்று புரிந்ததும் சிரித்தாள். இரண்டு கையாலும் கவுனைத் தூக்கி, வயிற்றில் இருந்த தையலைக் காட்டினாள்.

அடுத்த கட்டிலில் ரெஜினாவின் மகளும் சட்டையைத் தூக்கினாள். அவளுக்கு இதயத்தில் ஓட்டை இருந்ததில்லை.