ஞாயிற்றுக்கிழமை ஓடாத லாரி

பதினான்காயிரத்து முன்னூற்று எண்பத்தைந்து டாலர். வில்கா டவுன்ஸ் மாட்டுப் பண்ணைக்காரர் ஹெவிட், லேனாவின் அப்பாவுக்குத் தர வேண்டிய லாரி வாடகை. மூன்று நடை மாடு ஏற்றிப் போனதற்கு. மழையே இல்லாமல் மண் வெடித்துக் கிடந்த வருஷம் அது. இரண்டு வருஷம் ஓடிப்போச்சு, ஒரு டாலர் வரவில்லை. போன வருஷம் அந்த ஹெவிட்டும் செத்துப்போனார்.

அப்பா அந்தக் காசைக் கேட்டதே இல்லை. லேனா பேச்செடுத்தால், "விடு கண்ணு, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார், ரிப்பேர் பார்க்கிற மாதிரி.

லேனாவால் விட முடியவில்லை. மாசக் கடைசிக்குள் வங்கிக்குப் பதினோராயிரம் கட்டாவிட்டால் இரண்டாவது லாரியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அது போனால் மிச்சம் ஒரே வண்டி. அதை வைத்து வட்டிக்குக்கூடக் காணாது. கிளைனிக் குடும்பத்து லாரித் தொழில் அத்தோடு சரி.

அதனால்தான் வடக்கே ஒரு பண்ணையில் மாடு ஏற்றும் நடை வந்ததும், போகிற வழியில் வில்கா டவுன்ஸில் இறங்கி, அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்களோ அவர்கள் சட்டையைப் பிடித்தாவது வாங்கிவிடுவது என்று கிளம்பினாள். அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் வழக்கம்போல முன்பக்கத் தகரத்தில் கை வைத்து ஜெபம் பண்ணி அனுப்பி வைத்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது.

மழை என்றால்... மூன்று வருஷமாக வானம் அடக்கி வைத்திருந்த அழுகை மாதிரி ஒரு மழை. சிவப்பு மண் குழம்பாகி, சக்கரம் வழுக்கத் தொடங்கியது. பதினோரு மணி நேரம் ஓட்டிய கை, தோளோடு கழன்று விழுந்துவிடும்போல இருந்தது. அப்போதுதான் ஒருவன் குறுக்கே ஓடி வந்தான். மஞ்சள் மழைக்கோட்டு, கையில் ஒரு பெரிய பலகை.

"நிறுத்துங்க! நிறுத்துங்க! ரோடு மூடியாச்சு!"

மூன்று டிரெய்லர் கோத்த லாரி சீறிக்கொண்டு நின்றது. லேனா கண்ணாடியை இறக்கினாள்.

"எங்க மூடியாச்சு? பலகை உங்க கையிலதானே இருக்கு. நான் போனப்புறம் வைங்க."

"ஒரு நிமிஷம் முன்னாடி வந்திருந்தா விட்டிருப்பேன் அம்மணி."

"ஒரு நிமிஷம் முன்னாடியேதான் வந்தேன். நீங்க நடுவுல வந்து ஆடிட்டீங்க."

அவன் சிரித்தான். "உங்க வண்டிக்கு எத்தனை சக்கரம்?"

"அறுபத்திரண்டு."

"மழைக்கு மூடின மண் ரோட்டுல போனா சக்கரத்துக்கு இவ்வளவுன்னு அபராதம். எனக்குக் கணக்கு வராது. நீங்களே பெருக்கிப் பாத்துக்கோங்க."

திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள்... தொப்பி விளிம்பில் சொட்டுகிற தண்ணீருக்குப் பின்னால் இரண்டு கண்கள். புழுதியே பார்த்துப் பழகின ஊரில், இப்படிக் கழுவி வைத்த மாதிரி கண்ணா? சே, தூக்கம் இல்லாமல் எனக்கு என்னமோ ஆகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"நான் லேனா. உங்க பேரு என்ன? ரோட்டு ஆபீசுல உங்க மேல புகார் குடுக்கணும்."

"ஆங்கஸ்."

"ஆங்கஸா? அந்தப் பேர்ல ஒரு கறுப்பு மாட்டு ஜாதி இருக்கு, நிறைய ஏத்தியிருக்கேன். எல்லாம் முரண்டு பிடிக்கும்."

"ஆனா கொம்பு இருக்காது. தைரியமா பக்கத்துல வரலாம்."

அவளுக்கே தெரியாமல் சிரித்துவிட்டாள். கடைசியாக எப்போது சிரித்தோம் என்று யோசித்துப் பார்த்தாள், ஞாபகம் வரவில்லை.

மறுநாள் காலையில் மழை விட்டு விட்டுப் பெய்தது. லேனா ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்து வேதத்தை வாசித்து முடித்தாள். சாலையோரம் நிறுத்தியிருந்த தன் சின்ன வீட்டு வண்டியிலிருந்து ஆங்கஸ் இரண்டு குவளை டீயோடு சேற்றில் வழுக்கி வழுக்கி வந்தான். பாதி டீ சேற்றுக்குப் போயிருந்தது.

"நேத்து ஒரு பொண்ணை ராத்திரிக்கு இங்கயே நிறுத்தி வச்சேனே, அதுக்குப் பரிகாரம்."

"சர்க்கரை போடாத பரிகாரம்."

"குடிச்சுட்டுச் சொல்லுங்க. மழை விட்டா சாயங்காலமே திறந்துடலாம்."

"திறந்தாலும் இன்னைக்கு நான் வண்டி எடுக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை எங்க லாரி ஓடாது. கர்த்தருடைய நாள். எங்கப்பா இதுவரைக்கும் அந்த முறையை..."

அவன் குவளை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"நீங்க... கிளைனிக் வீடா?"

"கதவுல பேரு எழுதியிருக்கே."

"கதவுல சேறுதான் இருக்கு." அவன் குரல் மாறிவிட்டது. "நான் ஹெவிட். வில்கா டவுன்ஸ்."

இந்தக் கண்ணா, இந்தச் சிரிப்பா நம்மை ஏமாற்றின குடும்பம்?

"அப்போ பதினாலாயிரத்து முன்னூத்து எண்பத்தஞ்சு டாலர் நீங்கதான் தரணும். எங்க லாரியே போகப்போகுது, நீங்க இங்க ஜோக் அடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க."

"உங்கப்பா உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலயா?"

"என்ன சொல்லணும்?"

சொன்னான். மூன்றாவது நடையில், ஓய்வு நாளுக்காக அவள் அப்பா சனிக்கிழமை இரவு சாலையோரப் பட்டியில் மாடுகளை இறக்கி விட்டாராம். விடிந்து பார்த்தால் தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை, பம்பு பழுது. அடுத்த தண்ணீர் நாற்பது கிலோமீட்டர்.

"எங்கப்பா ரேடியோவுல கெஞ்சினாரு. திரும்ப ஏத்திக்கிட்டுப் போயிடுங்கன்னு. இன்னைக்கு ஓய்வு நாள்னு சொல்லிட்டாரு உங்கப்பா. சாயங்காலம் மனசு கேக்காம ஏத்தினாரு. அதுக்குள்ள பத்தொம்பது மாடு போயிடுச்சு."

"பொய்."

"நான் சொன்னா நம்பாதீங்க. அவரையே கேளுங்க."

லேனா கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

செயற்கைக்கோள் போனில் அப்பாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. அவள் கேட்டாள். "ஆமா கண்ணு" என்றார்.

"ஏன்ப்பா?"

"பகல் பூரா மழை வேணும்னு முழங்கால்ல நின்னேன். வண்டிச் சாவி என் சட்டைப் பையிலயே இருந்துச்சு." மூச்சு வாங்கினார். "ஹெவிட்டோட பையன் ரெண்டு தடவை செக் அனுப்பினான். திருப்பி அனுப்பிட்டேன். எப்படிம்மா வாங்குறது?"

"லாரி போயிடுமேப்பா."

"போகட்டும்."

அவளுக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது. எல்லாவற்றையும்விட அதிகமாக அலுப்பு வந்தது. இருக்கையில் தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னாள்.

"அப்பா, ஒண்ணு சொல்றேன். ஆராதனை நாள் எனக்கும் வேணும். ஆனா இனிமே மாடு ஏறியிருந்தா, தண்ணி இல்லன்னா, ஞாயித்துக்கிழமையும் நம்ம லாரி ஓடும். நான் ஓட்டுவேன்."

"ஓட்டும்மா" என்றார்.

ஞாயிறு பூரா மழை விடவில்லை, ரோடும் திறக்கவில்லை. திங்களும் செவ்வாயும் அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு பார்ப்பது? சட்டையைப் பிடிக்க வந்தவள்... ஆனால் காலையும் மாலையும் லாரிப் படியில் ஒரு குவளை டீ இருந்தது, சாம்பலில் சுட்ட ரொட்டி ஒரு துண்டு இருந்தது. செவ்வாய்க்கிழமை டீயில் சர்க்கரையும் இருந்தது.

அதற்கு மேல் அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. காலிக் குவளையை எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கிப் போனாள். அவன் வாகனத்தின் சக்கரத்தில் ஒட்டிய சேற்றை வழித்துக்கொண்டிருந்தான்.

"செக் அனுப்பினீங்களாமே."

"எங்கப்பா போறப்ப சொன்னாரு. ரெண்டு நடை ஒழுங்கா கொண்டுபோய்ச் சேத்தாங்க, அதுக்குக் குடுத்துடுன்னு. நான்தான் பெரிய மனுஷனாட்டம் மூணுக்கும் எழுதினேன். அது திரும்பி வந்துச்சு. சரின்னு ரெண்டுக்கு எழுதினேன். அதுவும் திரும்பி வந்துச்சு. எங்க காசு அவ்வளவு இளப்பமா போச்சான்னு எனக்கும் வீம்பு." மண்வெட்டியை ஊன்றினான். "அந்தக் காசுக்காகத்தான் பண்ணையில வேலை போக மிச்ச நேரத்துல இந்தப் பலகை தூக்குறேன். தெரியுமா?"

"இளப்பமா நினைக்கல. அவரால கை நீட்ட முடியல." அவள் குரல் உடைந்தது. "உங்க மாட்டுக்கு... நான் மன்னிப்பு கேட்டுக்கிறேன்."

"நீங்க ஏன் கேக்கணும்? அழாதீங்க. ஏற்கெனவே ரோடு பூரா தண்ணி."

அழுதுகொண்டே சிரித்தாள். அவள் கண்ணைத் துடைக்க நீட்டிய கையை, அதில் இருந்த சேற்றைப் பார்த்துவிட்டு அவன் பின்னால் இழுத்துக்கொண்டான். அந்த இழுத்துக்கொண்ட கை ராத்திரி முழுக்க அவள் தூக்கத்தைக் கெடுத்தது.

புதன்கிழமை வெயில். சேறு ஓடு ஓடாக வெடித்தது. வெள்ளைக் கிளிகள் கத்திக்கொண்டு ஓடைப் பக்கம் போயின. ஆங்கஸ் பலகையை எடுத்துச் சாலையோரம் சாய்த்துவிட்டு, செக் புத்தகத்தோடு லாரிக்கு வந்தான்.

"ரெண்டு நடைக்கு எழுதுங்க" என்றாள் லேனா. "ஒம்பதாயிரத்து ஐநூத்துத் தொண்ணூறு. வங்கிக்குக் குறையறதை இந்த நடை வாடகையில சேத்துடுவேன். மூணாவது நடை தள்ளுபடி. இதை எங்கப்பா திருப்பி அனுப்ப மாட்டாரு, பாங்கியில கட்டப்போறது நான்."

அவன் செக்கை லாரிப் படியில் வைத்துக் குனிந்தான். பேனா அசையவில்லை.

"என்னங்க? மை இல்லையா?"

"மை இருக்கு. எழுதிட்டா கடன் முடிஞ்சிடும்."

"அதுக்குத்தானே வந்தேன்."

"முடிஞ்சுட்டா..." அவன் நிமிரவே இல்லை. "நீ இந்தப் பக்கம் வர்றதுக்கு ஒரு காரணமும் இருக்காது லேனா. நாலு நாளா அதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். நேத்து சாயங்காலமே ரோடு லாரி போற அளவுக்கு இறுகிடுச்சு. நான்தான் இன்னும் ஈரம்னு ஆபீசுக்குச் சொல்லிட்டேன்."

நீ என்றானே... அந்த ஒரு சொல், அலுத்துக் கிடந்த உடம்புக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்தது.

"அட பாவி! ஒரு நாள் வாடகை போச்சே எனக்கு!"

"அதையும் சேத்து எழுதட்டுமா?"

"வேணாம். உள்ளதை எழுது." அவள் படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கடன் இருக்கிற வீட்டுக்கு நான் எப்படி வர்றது ஆங்கஸ்? காசு கேக்க வந்தேனா, உன்னைப் பாக்க வந்தேனான்னு எனக்கே சந்தேகம் வரும்."

"தீத்துட்டா வருவியா?"

"ஞாயித்துக்கிழமை வருவேன். காலையில ஆராதனை முடிச்சிட்டு, கார்ல. அன்னைக்கு நான் வேலையா எங்கயும் போறதில்லை, உனக்கே தெரியும்."

"அப்போ எதுக்குத்தான் வருவ?"

கழுவி வைத்த அந்தக் கண்களை இந்தத் தடவை அவள் நேராகப் பார்த்தாள்.

"பிடிச்சுப்போச்சு. அதுக்குத்தான் வருவேன்... எழுதுடா."

அவன் எழுதினான். படியில் வைத்து எழுதியதில் தொண்ணூறு கோணலாக விழுந்தது. லேனா ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்து, செக்கை மடித்து எடுத்து வைத்துக்கொண்டாள். ஹெவிட் வீட்டுக் கடன் அத்தோடு தீர்ந்தது.