கத்தரி டாக்டருக்குப் பாசிட்டிவ்

போன் அடித்தது.

லேப் டாக்டர் உடனே எடுக்கவில்லை. என்ன சேதி வரப்போகிறது என்று அவளுக்கு முன்பே தெரியும். தெரிந்த சேதிக்கு என்ன அவசரம்?

மறுபடி அடித்தது. எடுத்தாள்.

"மேடம்... ஐ.சி.யூ.லேர்ந்து பேசறேன்." தலைமை நர்ஸின் குரல். "தனி ரூம்ல... நம்ம பெரிய டாக்டர்... போயிட்டார் மேடம்."

"எப்படி?"

"வென்டிலேட்டர் டியூப் கழண்டு கிடக்கு. அலாரம் அடிக்கவே இல்ல. நான் வெளியிலதான் இருந்தேன். எனக்கு ஒண்ணுமே புரியல."

"வரேன்."

ரிசீவரை வைத்தாள்.

அழுகை வரவில்லை. பயம் வரவில்லை. கொஞ்சம் சந்தோஷமாவது வரும் என்று எதிர்பார்த்திருந்தாள்... அதுவும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி மனசு மரத்துக் கிடந்தது.

ஆமாம். கொன்றது அவள்தான்.

அவசரப்பட்டுத் திட்டாதீர்கள். காரணத்தையும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

செத்தவர் அந்த ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டர். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் 'கத்தரி'. செலவு என்று எதைக் கண்டாலும் வெட்டுவார். கையுறையை வெட்டினார். நர்ஸ்களை வெட்டினார். போன வருஷம் ஸ்க்ரீனிங்கையும் வெட்டினார்.

ஸ்க்ரீனிங் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஐ.சி.யூ.வுக்குள் வருகிற ஒவ்வொருவருக்கும் மூக்கிலும் இடுப்புக்குக் கீழேயும் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுப்பார்கள். லேபில் அதைத் தட்டில் தடவி வளர்ப்பார்கள். ஆன்டிபயாடிக் எதற்கும் மசியாத கிருமி முளைத்தால்... பாசிட்டிவ். ஆளைத் தனி அறைக்கு மாற்றிவிடுவார்கள். பக்கத்துப் படுக்கை தப்பிக்கும்.

"நல்லா இருக்கறவனுக்கு எதுக்கும்மா டெஸ்ட்டு? நிறுத்து" என்றார் கத்தரி.

நிறுத்தினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அவள் தங்கச்சி குடல்வால் ஆபரேஷனுக்கு வந்து சேர்ந்தாள். ஐ.சி.யூ.வில் பக்கத்துப் படுக்கையில் ஒரு பெரியவர். அவர் உடம்பில் அந்தக் கிருமி சும்மா உட்கார்ந்திருந்தது. யாருக்கும் தெரியாது. பெரியவர் குணமாகி வீட்டுக்குப் போனார். தங்கச்சி போகவில்லை.

பிறகு ஸ்க்ரீனிங் திரும்ப வந்தது. லேப் டாக்டருக்கு அழுகைதான் வரவே இல்லை. அன்று மரத்தது... மரத்ததுதான்.

போன வாரம் கத்தரிக்கு மாரடைப்பு. நினைவில்லை. மூச்சுக்கு வென்டிலேட்டர். விதிப்படி அவருக்கும் பஞ்சுக் குச்சி. அது லேபுக்கு வந்தது. வேறு நோயாளியின் தட்டில் வளர்ந்திருந்த கிருமியில் அதை லேசாகத் தொட்டு எடுத்தாள், அவ்வளவுதான். மற்றதை டெக்னீஷியன் நேர்மையாகப் பார்த்து, நேர்மையாக 'பாசிட்டிவ்' என்று எழுதிக் கொடுத்தான்.

கத்தரி தனி அறைக்குப் போனார்.

அடைத்த கதவு. நர்ஸ் மேஜைக்கு அங்கிருந்து மானிட்டர் இணைப்பு கிடையாது. அந்தச் செலவையும் அவரே வெட்டியிருந்தார். உள்ளே யார் போனாலும் கவுன், தொப்பி, மாஸ்க், கண்ணாடி. பெற்ற தாய்க்குக்கூட அடையாளம் தெரியாது.

இன்று காலை ஒரு கவுன் உள்ளே போனது. வெளியே வந்தது.

உள்ளே நடந்ததில் பாதிதான் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

மதியம் இன்ஸ்பெக்டர் வந்தார். தொப்பைக்காரர். எதையும் அவசரமில்லாமல் கேட்டார், அவசரமில்லாமல் பார்த்தார், ராத்திரி வீட்டுக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்தும் விட்டார்.

மறுநாள் மதியம் லேப் டாக்டரையும் தலைமை நர்ஸையும் தனி அறை வாசலுக்குக் கூப்பிட்டார். பக்கத்தில் ஒரு பெண் போலீஸ்.

"டியூப் தானா கழண்டிருக்கலாம்" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனா அலாரம் தானா வாயை மூடிக்காதே. யாரோ அமுக்கியிருக்காங்க." நர்ஸைப் பார்த்தார். "நேத்து காலையில இந்த வாசல்ல டூட்டி யாரும்மா?"

"நான்தான் சார்."

"உள்ள போனது யாரு?"

"கவுன் போட்டவங்க ஒருத்தர் போனாங்க. டூட்டி டாக்டர்னு நினைச்சேன். இன்னொரு பேஷன்ட்டுக்கு ஊசி போட்டுட்டு இருந்தேன், சரியா பார்க்கல."

"டூட்டி டாக்டர், 'நான் போகவே இல்ல'ங்கறார். ஒருத்தர் போனதா சொல்றது நீங்க மட்டும்தான்." தாடையைச் சொறிந்தார். "போன மாசம் செத்தவர் உங்களை எல்லார் முன்னாடியும் திட்டி அழவெச்சாராமே?"

"அவர் திட்டாத ஆள் யாரு சார் இங்க? அதுக்காகக் கொல்ல ஆரம்பிச்சா ஆஸ்பத்திரியே ஜெயிலுக்குப் போகணும்."

"இப்போதைக்கு நீங்க மட்டும் வாங்க."

பெண் போலீஸ் நர்ஸின் தோளில் கை வைத்தாள். நர்ஸ் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது.

"மேடம்... நீங்களாவது சொல்லுங்க. உங்க தங்கச்சி கையைக் கடைசி வரைக்கும் பிடிச்சிட்டு இருந்தவ நான். நானா போய் ஒரு ஆளைக் கொல்லுவேன்? ரெண்டு பிள்ளைங்களை வெச்சிருக்கேன் மேடம்."

லேப் டாக்டர் வாயைத் திறந்தாள்.

நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்தப் பெண் சாயங்காலம் பிள்ளைகளைப் பார்க்க வீட்டுக்குப் போய்விடுவாள். சொல்... சொல்லித் தொலை...

"இவங்க நல்லவங்க சார்."

அதுதான் வந்தது. நாக்கும் மரத்துப் போயிருந்தது. சீ, நீயெல்லாம் ஒரு மனுஷியா என்று தன்னையே காறித் துப்ப நினைத்தாள். அதற்கும் தெம்பு இல்லை.

"கேமரா இருக்கே சார்!" நர்ஸுக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. "உள்ள வாஷ்பேசின் மேல ஒண்ணு இருக்கு."

"அதுல மூஞ்சி தெரியாது" என்றாள் லேப் டாக்டர், அமைதியாக. "யார் கை கழுவறாங்க, யார் கழுவறதில்லன்னு தெரிஞ்சுக்க நான்தான் வெக்கச் சொன்னேன். பேசினும் கையும் மட்டும்தான் தெரியும்."

"பார்த்தேன்" என்றார் இன்ஸ்பெக்டர், சலிப்பாக. "ராத்திரி பூரா அதைத்தான் ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். கை, கை, கை. கனவுலயும் கைதான் வரும் போல." வெளியே இருந்த பேசினைக் காட்டினார். "சரி, நான் இப்ப உள்ள போகணும். முறையா கழுவிட்டுத்தான் போகணுமாமே? காட்டுங்க டாக்டர். எனக்கெல்லாம் சோப்பு போட்டா கழுவினதா அர்த்தம்."

அவள் குழாயைத் திறந்தாள்.

எத்தனையோ பேருக்குக் காட்டிய வேலை. கவனிக்கவே வேண்டாம். உள்ளங்கை... புறங்கை... விரலிடுக்கு... கட்டை விரல்... நகம்... மணிக்கட்டு. கழுவி, காகிதத் துண்டில் துடைத்து, அதே துண்டால் குழாயை மூடினாள்.

"இடது கட்டை விரலை மட்டும் ரெண்டாவது தடவையும் தேய்ச்சீங்களே?"

"எல்லாரும் அதைத்தான் விட்டுடுவாங்க. அதனால நான் எப்பவும் கடைசியில இன்னொரு தடவை தேய்ப்பேன்."

"இதை வேற யாருக்காவது கத்துக் கொடுத்திருக்கீங்களா?"

"இல்ல. அது என் பழக்கம்."

சொல்லி முடித்த பிறகுதான் இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்தாள். அதில் சலிப்பு இல்லை.

"அவங்களை விடும்மா" என்றார் பெண் போலீஸிடம். "டாக்டர் முன்னாடி அவங்களை நிக்கவெச்சா டாக்டரே வாயைத் திறப்பாங்கன்னு பார்த்தேன். திறக்கல."

நர்ஸ் ஒன்றும் புரியாமல் சுவரோடு சாய்ந்தாள்.

இன்ஸ்பெக்டர் தன் செல்போனை நீட்டினார். திரையில் தனி அறையின் பேசின். நேற்றுக் காலை. பச்சைக் கவுன் கைக்குள்ளிருந்து இரண்டு கைகள் வந்தன. உள்ளங்கை... புறங்கை... விரலிடுக்கு... எல்லாம் முடிந்து, இடது கட்டை விரல் இன்னொரு தடவை. காகிதத் துண்டு. குழாய் மூடியது. பிறகுதான் கையுறை.

"ஒரு வாரப் பதிவுல உள்ள போறப்ப முழுசா கழுவின ஜோடி இது ஒண்ணுதான்" என்றார். "டாக்டருங்க உட்பட மத்த எல்லாரும் வெளிய வர்றப்ப தண்ணியைக் காட்டிட்டு ஓடறாங்க. உங்க தங்கச்சி விஷயமும் விசாரிச்சேன். வருத்தமாத்தான் இருக்கு."

நர்ஸ் லேப் டாக்டரையே பார்த்தாள். "மேடம்..." என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் மரப்பு விட்டது. உள்ளே எங்கோ சுருக்கென்று வலித்தது. எத்தனையோ மாசத்துக்குப் பிறகு கண்ணில் தண்ணீர் வந்தது. தங்கச்சிக்கா, இந்த நர்ஸுக்கா, தனக்கா... அவளுக்கே தெரியவில்லை. கழுவிய கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான்... கழுவினேனா? எனக்கு ஞாபகமே இல்லையே சார்."

இன்ஸ்பெக்டர் செல்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"என் சர்வீஸ்ல கொலை பண்ணிட்டுக் கையைக் கழுவினவங்களை நிறையப் பார்த்துட்டேன் டாக்டர்... சாகப்போற ஆளுக்குக் கிருமி ஒட்டிடக் கூடாதேன்னு முன்னாடியே கழுவினது நீங்க ஒருத்தர்தான்."