நான்காவது பூட்டு

"மேடம், நான் உள்ள இருக்கேன்னு வெளிய உக்காந்துக்கினு இருக்குற உங்களுக்கு எப்டித் தெரியும்?"

வேலைக்குச் சேர்ந்த அன்று ஃபைசான் கேட்டதற்கு, கட்டுப்பாட்டு அறைப் பொறுப்பாளரான சண்முகவடிவு பலகையில் தொங்கிய பூட்டுகளைக் காட்டினாள். மின்சாரம் தயாரிக்கும் இயந்திரத்துக்குள் போகிறவன் தன் பெயரெழுதிய பூட்டை மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்து அவனேதான் கழற்ற வேண்டும். ஒரு பூட்டு தொங்கினாலும் அவள் இயந்திரத்தை ஓட்டமாட்டாள்.

இன்று மாலை பலகை காலி. நான்கு பேரும் இயந்திரம் காற்றை இழுக்கும் அறையைத் துடைத்து முடித்துவிட்டார்கள். ஆனால் அறைவாசலில் ஒரு ஜோடி செருப்பு கிடப்பது கேமராவில் தெரிந்தது. மேலிடம் இரண்டு முறை மின்சாரம் கேட்டுவிட்டது. யாரோ மறந்திருப்பார்கள் என்று பொத்தானை அழுத்தினாள்.

பெருங்குடிக் குப்பைமேட்டின் புகைநாற்றம் கலந்த காற்றை உறிஞ்சிக்கொண்டு பெரிய தண்டு முனகலோடு சுழலத் தொடங்கியது. முதல் பத்து நிமிடம் வெறும் காற்றுதான், உள்ளே தேங்கிய எரிவாயுவை வெளியே தள்ளுவதற்கு. பிறகு புது எரிவாயு வந்து பற்றிக்கொள்ளும், அந்தச் சூட்டின் வேகம் இறக்கைகளைச் சுழற்றும், அதே தண்டில் இணைந்த ஜெனரேட்டரும் சுழன்று, சாலையோர ஐடி கட்டடங்களில் விளக்கெரியும்.

ஆறாவது நிமிடம். இரைச்சலுக்கு அடியில் ஒரு சத்தம். டக். டக். இரும்பை மோதிரத்தால் தட்டுவதுபோல. ஃபைசான் மோதிரம் போட்டிருப்பான்.

நால்வரில் ஒருவரான மேஸ்திரி அய்யாதுரைக்குப் போன் செய்தாள்.

"ஃபைசான் உங்ககூட இருக்கானா?"

"இன்னா மேடம், கேட்டாண்ட டீக்கடைல மூணு பேர் கீறோம். அவன் ஊட்டுக்குப் போயிருப்பான்."

"அவன் பூட்டை யார் கழட்டுனது?"

"நான்தான். துணிய வுட்டுட்டேன், எடுத்துக்கினு வந்துர்றேன்னு சாவிய என் கைல குட்த்தான். வந்துட்டான்னு நென்ச்சி கதவையும்..."

ஒன்பதாவது நிமிடம். நிறுத்தும் பொத்தானைக் குத்தினாள்.

சுழற்சி குறைந்தது. கழன்ற திருகாணியென்றால் தட்டலும் குறைய வேண்டும். குறையவில்லை. தண்டு அசையாமல் நின்றது. டக். டக். அதே வேகம்.

ஓடினாள். மூச்சிரைக்க வந்த அய்யாதுரை கதவைத் திறந்தார்.

ஃபைசான் வெளியே வந்தான். சட்டை கசங்கவில்லை. தலைமுடி கலையவில்லை.

"டேய் கஸ்மாலம்! மேடத்துக்கு ஹார்ட் அட்டாக் வர வெச்சிட்டியே!" அய்யாதுரை அவன் முதுகில் தட்டினார். சிரிப்பு பாதியில் நின்றது. கையை வெடுக்கென்று இழுத்துப் பேன்ட்டில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

சண்முகவடிவு அதைக் கவனிக்கவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. உயிரோடு இருக்கிறான். தன் கையால் ஒருத்தனைக் கொல்லவில்லை.

அறையின் இருட்டுக்குள்ளிருந்து. டக்.

"மேடம்." ஃபைசானின் குரல். நடுங்கியது. "கதவ மூடிராதீங்க மேடம். காலு மாட்டிக்கிச்சு."

அவள் கேட் பக்கம் திரும்பினாள்.

வெளியே வந்தவன் கேட்டைத் தாண்டியிருந்தான். செக்யூரிட்டி ஏதோ கேட்டார். அவன் நிற்கவில்லை. ஆள் ஏற்றிக்கொண்டிருந்த ஷேர் ஆட்டோவில், மடியில் குழந்தையோடு இருந்த ஒரு பெண்ணின் பக்கத்தில், வாய் திறக்காமல் ஏறி உட்கார்ந்தான். ஆட்டோ கிளம்பியது.