ஒன்பதாம் எண் வீட்டின் ஈரத்துணி

உலகில் இரண்டே வகை மனிதர்கள்: ஒப்பந்தத்தை முடித்துவிட்டுப் போகிறவர்கள், முடிக்காமல் ஓடிப்போகிறவர்கள். மூன்றாவது வகை இதுவரை கண்டறியப்படவில்லை. இதைக் கண்டறிந்தவன் ஃபெர்கல் டினீன். அயர்லாந்தின் ஸ்லைகோவிலிருந்து வந்து, சவூதி அரேபியாவின் ஹாயில் நகருக்கு வெளியே பாலைவனத்தில் ஆங்கில இலக்கணம் நடத்தும் முப்பத்தொரு வயது ஆசிரியன். வியாழக்கிழமை விருந்தில், கையில் கோழிக்காலோடு, நீச்சல் குளத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த பதினான்கு பேருக்கும் கேட்கும்படி இதை அறிவித்தான். யாரும் மறுக்கவில்லை. ஓடிப்போனவனின் வீட்டுச் சாவி அப்போது அவன் சட்டைப்பையில்தான் இருந்தது.

ஓடிப்போனவன் ஹென்னி. தென்னாப்பிரிக்கன், ஒன்பதாம் எண் வீடு. புதன்கிழமை சாயங்காலம் ஒரு கைப்பையோடு ரியாத் பேருந்தில் ஏறிவிட்டான். விமானம் வெள்ளி இரவு. அதுவரை பள்ளி அலுவலகத்துக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் விமான நிலையத்திலேயே மடக்கிவிடுவார்கள், சாவி வைத்திருந்தவனையும் உட்காரவைத்து விசாரிப்பார்கள். அதனால் பள்ளியின் ஆசிரியர் குடியிருப்பில் ஒரு வழக்கம் உண்டு. யார் ஓடினாலும் மற்றவர்கள் அவர் வீட்டை உயிரோடு வைத்திருக்க வேண்டும். மாலையில் விளக்கு, காலையில் கொடியில் துணி, வாசல் செருப்பு தினமும் ஒரு சாண் இடம் மாற வேண்டும். யாருக்கு எந்த முறை என்று பட்டியல் வைத்திருப்பவர் கிளெனிஸ், ஐம்பத்தெட்டு வயது வேல்ஸ்காரி. வினாடிவினா முதல் பிறந்தநாள் கேக் வரை அங்கே அவர்தான் அரசாங்கம். பத்தாம் எண்ணில் இருப்பவன் என்பதால் இம்முறை பொறுப்பு ஃபெர்கல் தலையில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவன் சன்னலைத் திறந்தபோது ஒன்பதாம் எண் கொடியில் துணிகள் சொட்டிக்கொண்டிருந்தன.

காலையில் அவன்தான் தொங்கவிட்டான். அலமாரியிலிருந்து எடுத்து, உலர்ந்தபடியே. ஒரு ஓடுகாலிக்காகத் துணி நனைக்கும் அளவுக்கு அவன் இறங்கிவிடவில்லை. நனைத்திருந்தாலும் இந்த வெயிலில் சட்டை பன்னிரண்டு நிமிடத்தில் காய்ந்துவிடும். துணியே காயாத ஊரில் பிறந்தவன், வந்த புதிதில் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறான். ஆக, பன்னிரண்டு நிமிடத்துக்குள் யாரோ அங்கே இருந்திருக்கிறார்கள்.

வெளியே புழுதி எழும்பி வானம் பழைய தேநீர் நிறத்தில் இருந்தது; நாக்கில் மணல், மூக்கில் குளத்தின் மருந்து நெடி, எங்கோ ஒரு குளிரூட்டி இருமி இருமி ஓடும் சத்தம், அதற்கு நடுவே தரையில் சொட்டு விழுந்து, விழுந்த உடனே மண் அதை உறிஞ்சும் மெல்லிய 'சுஸ்'.

அவன் நேராகக் குளத்தங்கரைக்குப் போனான்.

"ஹென்னி துணிய நனைச்சது நீங்களா?"

கிளெனிஸ் தலை நிமிரவில்லை. "என் துணியே மூணு நாளா கூடையில கெடக்கு, அவன் துணிக்கு வந்தேனாக்கும். இருக்கறது ஒரே சாவி. அது உன்கிட்ட இருக்கு வாத்தியாரே."

பக்கத்தில் காலை நனைத்துக்கொண்டிருந்த ரோடெல், பிலிப்பைன்ஸின் செபுவிலிருந்து வந்த கணக்கு ஆசிரியன், சிரித்தான். "மத்தியானம் அங்க குழாய்ச் சத்தம் கேட்டுச்சே. நீதான்னு நெனச்சேன். நேத்து அவ்வளவு பேசிட்டு, இன்னைக்கு அவனுக்கு வண்ணான் வேலையும் பாக்கறியேன்னு சந்தோஷமா இருந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். அரை நொடி தாமதமாக என்று ஃபெர்கலுக்குத் தோன்றியது. இவர்களில் யார் அலுவலகத்துக்குக் காட்டிக்கொடுப்பவர்? ரோடெல் ஏன் மத்தியானம் ஒன்பதாம் எண் பக்கம் போனான்? கிளெனிஸ் ஏன் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை? ஒருவேளை ஹென்னியே பயந்து திரும்பி வந்து ஒளிந்திருக்கிறானோ?

ஐந்து மணிக்குக் கைப்பேசியில் ஹென்னியின் குரல்பதிவு வந்தது, பின்னணியில் விமான அறிவிப்போடு. "உள்ள வந்துட்டேன்டா. சோதனையெல்லாம் முடிஞ்சுது. நீ துணிய நனைக்காமத்தான போடற? சோம்பேறி, எனக்குத் தெரியும்."

ஃபெர்கல் அதை இரண்டு முறை போட்டுக் கேட்டான். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு ஒன்பதாம் எண்ணுக்குப் போனான்.

உள்ளே ஈர மண்ணின் வாசம், மழையே பெய்யாத இடத்தில் மழை முடிந்த பின் வரும் வாசம், அதற்கு அடியில் வெகுநேரம் மூடிவைத்த துணி மூட்டையின் புளிப்பு. தரையில் மூன்று நாள் புழுதி, அதில் புதன்கிழமை முதல் அவன் நடந்த தடம் மட்டும். குளியலறையில் சலவை இயந்திரம் கடைசிச் சுற்றில் இருந்தது. தடதடத்தது. வேகம் குறைந்தது. நின்றது.

மூடியைத் திறந்தான்.

ஒரே ஒரு சட்டை. கட்டம் போட்ட பழுப்புச் சட்டை. பையோரம் கோழி எண்ணெய்க் கறை.

அவனுடையது. காலையில் தன் வீட்டு நாற்காலி முதுகில் மாட்டியிருந்தான்.

தன் வீட்டுக்கு ஓடினான். கதவு பூட்டியபடி இருந்தது. நாற்காலியில் சட்டை இல்லை. குளியலறைத் தரை நனைந்திருந்தது. அவன் காலையிலிருந்து குளிக்கவில்லை.

அதன்பின் யோசிக்கவில்லை. விடுமுறைக்காக வாங்கிய, நாட்டை விட்டு வெளியேறும் அனுமதி, கடவுச்சீட்டு, ஒரு கைப்பை. ஒப்பந்தத்தில் இன்னும் ஏழு மாதம் இருந்தது. வாடகைக் கார் வாசலுக்கு வர இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். இருபது நிமிடமும் படுக்கையறைச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றான். முன்னறையில் ஏதோ சொட்டியது. அவன் எட்டிப் பார்க்கவில்லை.

கார் வந்ததும் கிளெனிஸ் வீட்டுக் கதவைத் தட்டி, பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டு தன் வீட்டுச் சாவியை நீட்டினான்.

"கொஞ்ச நாளைக்கு... விளக்கு மட்டும் போட்டா போதும்."

அவர் கேலி செய்யவில்லை. குழம்பிப் போய் அவனைப் பார்த்தார்.

"இது எதுக்கு இன்னொன்னு? இப்பதானப்பா குடுத்துட்டுப் போன." மேலங்கிப் பையிலிருந்து சாவி ஒன்றை எடுத்துக் காட்டினார். அதே பல், அதே பத்து என்ற எண். "கை சில்லுன்னு ஈரமா இருந்துச்சு. ஒரு வார்த்தை பேசல. நேத்து அப்படிப் பேசினதுக்கு நீ வெக்கப்படறன்னு விட்டுட்டேன்."

"எந்தப் பக்கம் போச்சு?"

"போச்சாவா? உன் வீட்டுக்குத்தான் போன."

அவன் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தான். நடந்தான். பிறகு ஓடினான்.

கார் வேலியோரமாகத் திரும்பியது. புழுதி. அந்தி. பத்தாம் எண்ணில் விளக்கு எரிந்தது. பின்முற்றக் கொடியில் அவன் துணிகள், ஒன்றுவிடாமல், சொட்டச் சொட்ட. கட்டம் போட்ட பழுப்புச் சட்டை அணிந்த ஒருவன் முதுகைக் காட்டி நின்று, அவசரமில்லாமல் ஒரு கால்சட்டையை உதறிக்கொண்டிருந்தான். ரோடெல் சுவரில் சாய்ந்து அவனிடம் ஏதோ கதை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

கார்ச் சத்தத்துக்கு அது திரும்பியது.

முகம் இருக்க வேண்டிய இடத்தில் இழுத்து ஒட்டிய ஈரத்துணி. வாய்ப்பக்கம் அது உள்ளே போனது. வெளியே வந்தது. உள்ளே போனது.

ரோடெல் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.