சைக்கிள் கடைக்குப் பின்னால்

"எம் புள்ள வாசல்ல வாந்தி எடுத்துக்கினு கெடக்கிறான்... இவ முக்காடு போட்டுக்கினு கெளம்பிட்டா! ஞாயித்துக்கெழமயும் அதுவுமா கோயிலுக்கும் வரமாட்டேங்கிற, எங்கடி போற?"

மாமியார் சந்திரம்மாளின் குரல் தெருக்கோடிவரை கேட்டது. சாராள் தன் கணவன் ஏசுபாதத்தின் வாயைத் துடைத்து, தலையை ஒருக்களித்து வைத்தாள்.

மதுவிலக்கு வந்து சில வருஷங்களாகியும் செங்கற்பட்டில் குடி நிற்கவில்லை, ஒளிந்துகொண்டது, அவ்வளவுதான். ஸ்டேஷனில் மூட்டை தூக்கும் ஏசுபாதம், கள்ளச் சாராயம் கிடைக்காத நாளில் வார்னிஷைக்கூட விட்டுவைப்பதில்லை.

"வயித்துல வந்த ஒரே புள்ளையையும் கெணத்தடியில வுழுந்து கொன்னுட்டா. அந்த ஏக்கத்துலதான் எம் மவன் இப்படிச் சீரழிஞ்சிக்கினு கீறான். புள்ளையத் தின்னவ!"

சாராளின் கை தானாக அடிவயிற்றுக்குப் போனது.

"கஞ்சி அடுப்பாண்ட கீது அத்தே. அவுரு எழுந்தா குடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

கடந்த சித்திரை மாதத்தில் ஒருநாள், வார்னிஷ் குடித்து நீலம் பாரித்துப்போன கணவனை ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடத்திவிட்டு அவள் அழுதபோது, சைக்கிள் கடை எல்லப்பன்தான் பக்கத்தில் வந்து குந்தினார்.

"நானும் இங்க கெடந்தவன்தாம்மா. குடிய வுட்டவங்க, வுட முடியாம தவிக்கிறவங்க, கொஞ்சம் பேரு ஞாயித்துக்கெழம காலையில எங் கடைக்குப் பின்னாடி கூடுறோம். மனசுல கீறத ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குவோம். அதுலயே நாளு ஓடுது. ஒம் புருசன இட்டுக்கினு வா."

கூப்பிட்டுப் பார்த்தாள். "என்னை இன்னா குடிகாரன்னா நெனச்சிக்கினே?" என்று செம்பு பறந்து வந்ததுதான் மிச்சம்.

"அவனா வரணும். அதுவரைக்கும் நீ வா தங்கச்சி. நீயும் இதுல அடிபட்டவதானே" என்றார் எல்லப்பன்.

ஒரே ஒரு கட்டுப்பாடு. அங்கே யாரைப் பார்த்தோம் என்று வெளியே மூச்சுவிடக் கூடாது. குடித்தேன் என்று ஒப்புக்கொண்டால் போலீஸ் வரும் காலம். அங்கே வந்து உட்காரும் பள்ளிக்கூட வாத்தியார் சாரங்கபாணிக்கு வேலையே போய்விடும். சாராள் வேதப்புத்தகத்தின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தாள். மாமியார் எத்தனை ஏசினாலும் அவள் வாய் திறக்காதது அதனால்தான்.

ஊர் சும்மா இருக்குமா? அந்த ஞாயிற்றுக்கிழமை சாராள் கிளம்பிப் போனதும் யாரோ வந்து காதில் ஓதிவிட்டுப் போக, சந்திரம்மாள் மகனை உலுக்கி எழுப்பினாள்.

"எழுந்திருடா! ஒம் பொண்டாட்டி சாத்துன கடைக்குப் பின்னாடி எல்லப்பனோட கீறாளாம்! மானம் போச்சே!"

விறகுக் கட்டையை எடுத்துக்கொண்டு ஓடினான் ஏசுபாதம். தாயும் பின்னாலேயே ஓடினாள். கடைக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையின் சாக்குப் படுதாவை விலக்கப்போன கை, உள்ளே கேட்ட குரலில் அப்படியே நின்றது.

சாராள் பேசிக்கொண்டிருந்தாள். இத்தனை வாரமும் வாய் திறக்காதவள்!

"எல்லாரும் உள்ளத சொல்றீங்க... நான் மட்டும் பொய்ய வெச்சிக்கினு குந்திக்கினு கீறேன். கெணத்தடியில வழுக்கி வுழுந்ததுலதான் புள்ள போச்சின்னு சொன்னேன். நான் வழுக்கல அண்ணே... அவுரு ஒதச்சாரு. போதையில. விடிஞ்சா அவுருக்கு ஒண்ணும் நெனப்பில்ல. என் தலமாட்டுல குந்திக்கினு, 'பாத்து நடக்கக் கூடாதா சாரா'ன்னு அழுதாரு! எப்படிச் சொல்லுவேன்? சொன்னா உசுர வுட்டுடுவாரே... அதான் புள்ளையத் தின்னவன்னு பேரு வாங்கிக்கினு நானே..."

படுதாவுக்கு வெளியே கட்டை தரையில் விழுந்தது.

"நானா...? சாரா... நானா?"

இல்லை என்று சொல்ல அவள் உதடு துடித்தது. ஆனால் சொல்லவில்லை.

கம்பத்தில் தலையை மோதிக்கொண்டவனை எல்லப்பன் இறுக்கிப் பிடித்தார். "வுடு, நான் சாவறேன்!" என்று அலறினான். சாரங்கபாணி வாத்தியார் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டு, "இங்க வாப்பா... எம் பக்கத்துல ஒக்காரு" என்றார். சந்திரம்மாள் வாசலிலேயே மண்ணில் சரிந்தாள்.

அவன் அன்றே திருந்திவிடவில்லை. அந்த வாரமே மறுபடி குடித்தான். சாராள் துணிமணியை மூட்டை கட்டினாள்.

"நீங்களே அங்க எழுந்து நின்னு உங்க வாயால சொல்ற அன்னிக்கி பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, படாளத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். வயல் வேலைக்குப் போனாள். யார் மேலும் குறை சொல்லவில்லை.

ஐப்பசி அடைமழையில் ஒரு ஞாயிறு மாலை, தொப்பலாக நனைந்த சேலையோடு சந்திரம்மாள் வந்து நின்றாள்.

"வாராவாரம் நான்தாண்டி கையப் புடிச்சி இட்டுக்கினு போறேன். ரெண்டு தபா வுழுந்தான்... மறுபடி எழுந்தான். இன்னிக்கி எல்லார் எதிர்லயும் சொல்லிட்டாண்டி... 'எம் புள்ளைய நான்தான் கொன்னேன்'னு..." தலையில் அடித்துக்கொண்டாள். "அவன் குடிகாரன். எனக்கு இன்னாடி வந்துச்சி? ஒரு நாளாவது ஒன்ன ஒக்காரவெச்சி, இன்னா நடந்துச்சின்னு கேட்டனா? பாவி... பாவி நான்!"

காலில் விழப்போனவளைச் சாராள் பாதியிலேயே தாங்கிப் பிடித்தாள். பிறக்காமலே போன பிள்ளைக்காக ஒருநாளும் வாய்விட்டு அழாதவள், அந்த ஈரத் தோளில் முகம் புதைத்து ஓவென்று கதறினாள்... இரண்டு பேரும் வெகுநேரம் அப்படியே நின்றார்கள்.

"அவுரு எங்க அத்தே?"

"தெருமொனையில நிக்கறான். ஒம் மூஞ்சில முழிக்க பயந்துக்கினு..."

சாராள் எட்டிப் பார்த்தாள். மெலிந்துபோன உருவம் ஒன்று, தலையைக் குனிந்தபடி மழையில் நின்றிருந்தது. அவன் இனிக் குடிப்பானா மாட்டானா என்று அவளுக்குத் தெரியாது, அவனுக்கே தெரியாது.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கூப்புடுங்க அத்தே... நனையறாரு."