என்ஜின் நின்ற இடம்

ஏரி வற்றியிருந்தது.

மலைச்சாலை வளைவுக்கு நேர் கீழே, சேற்றில் ஒரு கார் தெரிந்தது.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஓர் எலும்புக்கூடு!

அணையைப் பழுதுபார்க்கத் தண்ணீரைத் திறந்துவிட்டதில் வந்த வினை. வேடிக்கை பார்க்க ஹோட்டல்கள் எல்லாம் காலியாகிக் கரையில் கூட்டம் நின்றது.

படகுத்துறையின் டிக்கெட் அறையில் வழிகாட்டிக்கு வியர்த்துக் கொட்டியது. எதிரே இன்ஸ்பெக்டர்.

“டூரிஸ்ட்டுங்களுக்குச் சொல்ற கதையை எனக்கும் சொல்லுங்க.”

படகில் சொல்வது போலவே ஒப்பித்தான்.

“இது ஒரு காலத்துல வெறும் பள்ளத்தாக்கு சார். அணை வந்துச்சு, ஏரி வந்துச்சு, ஹோட்டல் வந்துச்சு. முதல் ஹோட்டல் முதலாளி ஒருநாள் காரோட காணாம போனார்... இதோ, நமக்குக் கீழதான் முழுகிக் கிடக்கார்...”

“கார் கிடைச்ச அதே இடம்.”

“காணாம போனது மட்டும்தான் சார் நிஜம். வெளிநாட்டுக்கு ஓடிட்டார்னுதான் ஊரே பேசிச்சு. மிச்சமெல்லாம் நான் அளந்தது.”

“யார் காதுல பூ சுத்துறீங்க? மண்டையோடு பொளந்திருக்கு. இது கொலை.”

அவனுக்கு அழுகை முட்டியது. உண்மையைச் சொல்லியும் தப்ப முடியவில்லையே!

“சரி... ஏன் அந்த இடம்?”

“என் மாமனார்தான் சார் படகு ஓட்டறவர். அங்க வந்தா என்ஜினை அணைச்சிடுவார். சூடாயிடுச்சும்பார். ஜனங்க பயந்துடுவாங்க. அவங்களைச் சமாளிக்க ஒரு கதை கட்டினேன்.”

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.

“நீங்க மலைக்குக் கீழேருந்து வந்த மாப்பிள்ளை. உங்களுக்குத் தெரியாது. எங்கப்பாவும் இங்க படகுக்காரர்தான். ஆள் செத்த இடத்துக்கு மேல என்ஜின் ஓட்ட மாட்டாங்க. அணைச்சிட்டு, மிதந்தே கடப்பாங்க.”

“சார்...”

“இங்க ஒருத்தர் செத்தது யாருக்குமே தெரியாது. உங்க மாமனாருக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?”

ஜன்னல் வழியே பார்த்தான். துறையில் மாமனார் நின்றிருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு இவன் மனைவி.

“அவரை எப்படியாவது காப்பாத்துங்கப்பா” என்று அழுதுகொண்டிருந்தாள்.

இனி எந்த முகத்தோடு வெளியே போவான்?

“இல்ல சார்... நான்தான்... நான்தான் அங்க நிறுத்தச் சொன்னேன்...”

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

“இத்தனை வருஷமா நீங்க சொன்ன பொய்யை ஜனங்க டிக்கெட் வாங்கிக் கேட்டாங்க, தம்பி. இதை நீங்க இலவசமா சொன்னாலும் ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.”