பகலுக்கு வரும் ஆள்

“ஏட்டி, காப்பியடிக்கிறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா? எங்க டயலாக்க அப்படியே தூக்கிட்டுப் போயிருக்கா, டீச்சர்!”

“யாரு, நாங்களா? நாங்க சைக்கிள் ஸ்டாண்டுல ஒக்காந்து பேசுனோம். நீ எங்கன இருந்தன்னே எனக்குத் தெரியாது. வந்துட்டா பெரிய வசனகர்த்தா!”

அபிதா பெஞ்சின் மேலேயே ஏறிவிட்டாள். அஃப்ரோஸ் அதற்கெல்லாம் அசருகிற ரகமில்லை. எட்டாம் வகுப்பு மொத்தமும் இரண்டு கட்சியாகப் பிரிந்து மேசையைத் தட்ட, சிவசக்தி டீச்சர் ஸ்மார்ட் போர்டின் பக்கத்தில் ரிமோட்டைப் பிடித்தபடி நின்றாள். அதட்டத் தோன்றவில்லை. இரண்டு குழுவும் சொன்ன வார்த்தைதான் அவள் காதில் நின்றிருந்தது.

பிள்ளைகளுக்கு அவள் கொடுத்த பயிற்சி இதுதான்: குரல் இல்லாத சின்ன வீடியோ ஒன்று. அதில் இருப்பவரின் வாயசைவைப் பார்த்து, என்ன சொல்லியிருப்பார் என்று ஒவ்வொரு குழுவும் தனியாக யோசித்து, செல்போனில் டப்பிங் பேசி ஒட்டவேண்டும். ஒரே முகத்துக்கு மூன்று குழு, மூன்று கதை. மாவட்ட அளவில் நடக்கும் புதுமைக் கற்பித்தல் போட்டிக்குப் பெயரைக் கொடுத்துவிட்டு, வேலையை இவள் தலையில் கட்டியிருந்தார் ஹெச்.எம். சங்கரராமன். அதுவரை அந்த ஸ்மார்ட் போர்டு அவர் மகளின் கல்யாண வீடியோவைப் போட்டுக் காட்டத்தான் பயன்பட்டது என்பதைப் பள்ளிக்கூட வாட்ச்மேன்கூடச் சொல்வார். பரிசு வாங்கினால் சிவசக்தியின் தற்காலிக வேலை நிரந்தரமாகும் என்று வாயாரச் சொல்லியும் வைத்திருந்தார்.

ஊமைப் படத்துக்கு ஆள் தேடி அவள் அலையவில்லை. வீட்டிலேயே ஒருத்தி இருந்தாள். காந்திமதியம்மாள், கணவனுடைய அக்கா, இவளுக்கு மதினி. கல்யாணம் வேண்டாமென்று தம்பியை ஆளாக்கியவள். பிறகு தம்பி மகளையும் இடுப்பில் வைத்து வளர்த்தவள். பக்கவாதம் வந்ததிலிருந்து வலப்பக்கக் கைகால் விழுந்து, குரலும் போய், சன்னலோர நாற்காலியில் வைத்தது வைத்தபடி இருந்தாள். உதடு மட்டும் சில நேரம் அசையும். அதை ஒருநாள் காலை, பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்தில், சிவசக்தி செல்போனில் பிடித்திருந்தாள். தப்பென்று அப்போது தோன்றவில்லை.

“நீ என்னலே எடுத்துவச்சிருக்க? போடு,” என்றாள், சத்தம் போடாமல் இருந்த மூன்றாவது குழுவின் அருண்குமாரிடம். அவன் செல்போனை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

“வேண்டாம் டீச்சர். எங்களையும் காப்பின்னு சொல்லுவாங்க.”

பிடுங்கிப் போர்டில் போட்டாள். சன்னல் வெளிச்சத்தில் மதினியின் முகம். அருண்குமாரின் உடைந்த குரல், மூன்றாம் முறையாக, அதே இடத்தில் நிறுத்தி, அதே வார்த்தைகளைச் சொன்னது.

“நீ போ. நான் பாத்துக்கிடுதேன்.”

வகுப்பு அடங்கிவிட்டது.

சிவசக்திக்குப் பயம் வரவில்லை, வந்தது வேறு. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, அழுகிற பிள்ளையை விட்டுவிட்டு பஸ் பிடிக்க ஓடிய காலைகளில், வாசலில் நின்று மதினி சொல்லும் வார்த்தைகள் அவை. மகள் இன்று கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருக்கிறாள். வார்த்தைகள் மட்டும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வாய்வழியே திரும்பி வந்திருக்கின்றன. பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அழக் காரணம் இருந்தது. அந்த வீட்டில் பகலில் மதினியைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் இல்லை. கணவன் சங்கரலிங்கம் திருப்பூர் பனியன் கம்பெனியில். வேலைக்கு வந்த பெண்கள் எல்லாம், தூக்கிப் புரட்ட முடியவில்லை என்று நின்றுவிட்டார்கள். ஆகவே காலையில் கஞ்சியை ஊட்டி, துணியை மாற்றி, வெளியே பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். நோயாளியைப் பூட்டிவைப்பவள் என்று தெருவில் பெயர் எடுக்க முடியுமா? பகலுக்கு ஒரு ஆள் வருகிறது என்று கணவனிடம் சொன்னாள், தெருவில் சொன்னாள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடமும் சொன்னாள். பொய் என்று வந்துவிட்டால் கொஞ்சம் ஜோடனையும் வேண்டியிருக்கிறது. குருவிகுளம் பக்கத்து ஆள், கொல்லை வழியாக வந்துபோகும், எப்போதும் சிரித்த முகம், வாய் பேசாது. கேட்டவர்கள், உனக்குக் கொடுத்துவைத்திருக்கிறது என்றார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது தெரு வழக்கம்போல அதிர்ந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் விசைத்தறிக் கூடங்கள். கரண்டு இருக்கும்வரை அந்தத் தடதடப்பு தரையிலும் சுவரிலும் பல்லிலும் இருக்கும். எதிர்வீட்டுக் கதீஜம்மாள் அதையும் மீறிக் குரல் கொடுத்தாள்.

“ஏ சக்தி, ஒங்க ஆளு என்னட்டி தண்ணியில வெளயாடுதா? மத்தியானம் பூரா ஒங்க வீட்டுக் கொழாத் தண்ணி சாக்கடையில ஓடுது. கார்ப்பரேஷனையே வச்சிருக்கோம்னு நெனப்பா?”

“துணி தொவச்சிருக்கும்க்கா.”

“என்னத்தத் தொவச்சாளோ. கொடியில ஒண்ணையும் காணும்.”

சிரித்து வைத்தாள். உள்ளே போய்க் குழாயைப் பார்த்தாள். இறுக மூடியிருந்தது. பக்கத்து வீட்டுத் தண்ணீராக இருக்கும் என்று நினைத்தாள். அப்படி நினைப்பது வசதியாகவும் இருந்தது.

மறுநாளும் வீடியோ எடுத்தாள். அதற்கு மறுநாளும். போட்டிக்கு என்று பெயர். உண்மையில் மதினி என்ன சொல்கிறாள் என்று கேட்க அவளுக்கு வேறு வழியில்லை. குழுக்களைத் தனித்தனி அறையில் உட்காரவைத்தாள். கதவருகே தானே நின்றுகொண்டாள். மூன்று குழுவும் ஒன்றையே சொன்னது.

“அவசரப்படாத. மெதுவா வா.”

அதைக் கேட்ட நாளில் அவள் பஸ் ஸ்டாண்டு வழியாக நடந்து, பூக்கடையில் நின்று, டீக்கடையில் ஒரு வடையும் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனாள். மாதக்கணக்கில் அவளுக்கு அப்படி ஒரு சாயங்காலம் வாய்த்ததில்லை. மதினி சுத்தமாக இருந்தாள். காலையில் கட்டிய துணி நனையவேயில்லை. கண்கள் மட்டும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தன. இமைக்காமல். சிவசக்தி விளக்கைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

போட்டிக்கு ஆட்கள் பார்வையிட வருகிற நாள். காலையில் எடுத்த வீடியோவைத் திரும்பப் பார்க்காமலே பிள்ளைகளுக்கு அனுப்பியிருந்தாள். ஒத்திகைக்காக முதல் பீரியடில் போர்டில் போட்டபோதுதான் கவனித்தாள். மதினி தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது. ஓர் அசைவும் இல்லை.

அந்த மூடிய வாயின் மேல் அபிதாவின் குரல் வந்தது.

“இன்னைக்கு வராட்டியும் சரிதான்.”

அஃப்ரோஸின் குரல். அதே. அருண்குமாரின் குரல். அதே.

“வாயே அசையலையேட்டி,” என்றாள் சிவசக்தி. “தூங்குற ஆளுக்கு எப்படி டப்பிங் குடுத்தீங்க?”

அபிதா விழித்தாள். “அந்தம்மாவுக்கா? அந்தம்மாவுக்கு நாங்க ஒரு நாளும் குடுக்கலையே டீச்சர். பின்னால நிக்காங்கள்ல, அவங்களுக்குத்தான.”

“யாரு?”

“அவங்கதான், சிரிச்சிக்கிட்டே நிக்காங்கள்ல.” இது அஃப்ரோஸ். அபிதா சொன்னதை அவள் ஒத்துக்கொண்டது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை. “அந்தம்மா வாயி சும்மா கோணும், அதுல ஒண்ணும் புரியாது. இவங்கதான் காமிராவப் பாத்து நல்லா, நிறுத்திச் சொல்லுவாங்க. பகலுக்கு ஒரு ஆளு வருதுன்னு சொல்லுவீங்கள்ல டீச்சர்? அவங்கதான இது?”

சிவசக்தி போர்டைப் பார்த்தாள். நாற்காலிக்குப் பின்னால் சுவர். காலண்டர். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் இடுக்கு. பிள்ளைகள் எல்லாரும் அந்த இடுக்குக்குக் கொஞ்சம் முன்னால், ஒரே உயரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அங்கே சுவர்தான் தெரிந்தது.

“ஆமா,” என்றாள். “அவங்கதான்.”

இடைவேளையில் கிளம்பினாள். தெரு முனையில் திரும்பியபோது கரண்டு போனது. தறிகள் ஒவ்வொன்றாக இழுத்து நின்றன. அத்தனை வருஷத்தில் அவள் கேட்டிராத அமைதியில், பூட்டிய தன் வீட்டுக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

சாவியைப் போட்டாள். பூட்டு திறந்தது.

சீயக்காய் வாசனை. பவுடர் வாசனை. நெருக்கமாகக் கட்டிய பிச்சிப்பூவின் வாசனை. அவள் பூ வாங்கி வைத்திருக்கவில்லை.

மதினி நாற்காலியில் இருந்தாள். குளித்திருந்தாள். தலைமுடி எண்ணெய் வைத்து, இரட்டைச் சடையாக இழுத்துப் பின்னியிருந்தது. இழுத்த இழுப்பில் புருவம் மேலேறியிருந்தது. கண் மூட வரவில்லை. முகம் முழுக்க வெள்ளையாகப் பவுடர். கன்னங்கள் இரண்டும் உப்பியிருந்தன.

“மதினி.”

கன்னத்தைத் தொட்டாள். கல்.

வாயைத் திறந்தாள். சோறு. விரலை விட்டு எடுத்தாள். சோறு. இன்னும் உள்ளே. அழுத்தி, அடைத்து, மேலே இன்னொரு கவளம். மூக்கால் மட்டும் மூச்சு ஓடியது. மெல்லிசாக. எடுக்க எடுக்க வந்தது. மடியில் விழுந்தது. கடைசியில் ஓர் இருமல். மதினியின் கண்ணிலிருந்து தண்ணீர் பவுடரில் கோடு போட்டு இறங்கியது.

தட்டு பக்கத்தில் ஸ்டூலில் இருந்தது. பாதிதான் காலியாகியிருந்தது.

பாத்ரூமில் குழாய் நின்றது.

யாரோ திருகி நிறுத்துகிற சத்தம். இறுக்கமாக. வீட்டுத் தண்ணீரில் அக்கறை உள்ள கை.

சிவசக்தி திரும்பவில்லை. முந்தானையால் மதினியின் வாயைத் துடைத்தாள். மடியைத் துடைத்தாள். கத்தலாம். கதீஜம்மாளைக் கூப்பிடலாம். அவள் வந்தால் முதலில் ஆள் எங்கே என்று கேட்பாள். அடுத்த பீரியடில் பார்வையாளர்கள் வருகிறார்கள். எங்கோ வெகுதூரத்தில் யாருக்கோ நடப்பதுபோல இருந்தது. மதினியின் இடது கை மட்டும் அவள் சேலையைப் பிடித்திருந்தது. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

வாசலில் நின்றாள். வீட்டின் உட்புறத்தைப் பார்த்து, மரியாதையாகச் சொன்னாள்.

“கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க.”

பூட்டினாள். இழுத்துப் பார்த்தாள். போய்விட்டாள்.

போட்டியில் இரண்டாம் பரிசு கிடைத்தது. கேடயம் ஹெச்.எம். அறையில் இருக்கிறது. நிரந்தரம் என்ற பேச்சை அவர் பிறகு எடுக்கவேயில்லை. அபிதாவின் அப்பா ராஜபாளையத்தில் கடை போட்டு, குடும்பத்தோடு போய்விட்டார். அஃப்ரோஸின் அக்காவுக்குக் கடையநல்லூரில் கல்யாணம் ஆனது. வகுப்பு மொத்தமும் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தது. வருஷம் முடிந்ததும் சங்கரலிங்கம், இனி எல்லாரும் ஒரே இடத்தில் இருப்போம் என்று திருப்பூரில் வீடு பார்த்துவிட்டு வந்தான். அக்கா பளிச்சென்று இருப்பதைப் பார்த்து அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

சாமான் டெம்போவில் முன்னால் போனது. வாடகைக் காரின் பின்சீட்டில் காந்திமதியம்மாளைத் தூக்கி ஒரு சன்னலோரம் உட்காரவைத்தார்கள். சிவசக்தி மறுபக்கமாக ஏறி, கதவோடு ஒட்டி, உடம்பை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“ஏன் அந்த மூலைக்குப் போற? நடுவுல வா. அக்காவப் புடிச்சிக்கோ, தலை ஆடும்லா,” என்றான் சங்கரலிங்கம் முன்சீட்டிலிருந்து.

“எடமில்ல,” என்றாள்.

அவன் சிரித்தான். வழியனுப்ப வந்த கதீஜம்மாளும் சிரித்தாள். கார் கிளம்பி, தறிக்கூடத்து வேகத்தடையில் ஏறி இறங்கியது. காந்திமதியம்மாளின் தலை நடுவை நோக்கிச் சரிந்தது. பாதியில் நின்றது. ஒரு தோளின் உயரத்தில், சாய்ந்தபடி, அசையாமல். காலி சீட்டுக்கு மேலே.